நீர்க்கடுப்புக்குத் தரும் நைட்ரோஃபுரான்டோயின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், இப்போதுதான் போய் வந்தோம் என்றாலும் மறுபடி அவசரம், போனால் சொட்டுச் சொட்டாக வருவது, அடிவயிற்றில் ஒரு கனம். இந்த நீர்க்கடுப்பு கிருமித் தொற்றால் வந்தது என்றால், இன்று மருத்துவர்கள் முதலில் நினைக்கும் மாத்திரைகளில் ஒன்று நைட்ரோஃபுரான்டோயின். 1953-இல் புழக்கத்துக்கு வந்த பழைய மருந்து. இதைப் பற்றி ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்: இது சிறுநீரில் மட்டும்தான் வேலை செய்கிறது. விழுங்கிய மருந்து ரத்தத்தில் நிற்பதே இல்லை. சிறுநீரகம் அதை உடனே வடிகட்டிச் சிறுநீர்ப்பைக்கு அனுப்பிவிடுகிறது. கிருமியைக் கொல்லும் அளவுக்கு அது சேர்வது அங்கே மட்டுமே.

முன்பெல்லாம் சிப்ரோஃப்ளாக்சசின் அல்லது நார்ஃப்ளாக்சசின் தருவார்கள். இப்போது ஏன் இந்தப் பழைய மருந்து?

சிறுநீர்ப் பாதைத் தொற்றில் பெரும்பாலும் காணப்படுவது ஈ.கோலை என்ற குடல் கிருமி. நம் நாட்டில் சிப்ரோஃப்ளாக்சசினையும் செஃபிக்சிம் போன்ற மாத்திரைகளையும் சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும்கூட அள்ளிக் கொடுத்ததில், இந்தக் கிருமி அவற்றுக்குப் பழகிவிட்டது. நைட்ரோஃபுரான்டோயினுக்கு அவ்வளவாகப் பழகவில்லை. அது கிருமிக்குள் போன பிறகு ஒரே இடத்தைத் தாக்காமல் புரதம், டி.என்.ஏ. என்று பல இடங்களில் கைவைக்கிறது. ஒரு கதவைப் பூட்டி கிருமி தப்பிக்க முடியாது. குடலிலும் ரத்தத்திலும் அதிகம் தங்காததால் உடம்பில் இருக்கும் மற்ற நல்ல கிருமிகளுக்கும் தொந்தரவு குறைவு.

சிப்ரோஃப்ளாக்சசின் வகையைத் தவிர்க்க வேறு காரணங்களும் உண்டு. தசைநார் அறுந்துபோவது, நரம்புப் பாதிப்பு போன்ற அபாயங்களைக் காட்டி, வேறு மருந்து இருக்கும்போது சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு இவற்றைத் தர வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் எச்சரித்தது. காசநோய் அதிகம் உள்ள நம் ஊரில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது: இந்த வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். நோய் குணமாகாது, ஆனால் வெளியே தெரியாமல் மறைந்து, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும்.

வெயில் காலத்தில் எல்லோருக்கும்தான் கடுக்கிறது. எரிச்சல் என்றாலே தொற்றா?

இல்லை. பங்குனி, சித்திரையில் தண்ணீர் குறைவாகக் குடித்து வியர்வை நிறையப் போனால் சிறுநீர் அடர்ந்து, மஞ்சளாகி, போகும்போது சுருக்கென்று இருக்கும். இளநீர், நீர்மோர், இரண்டு மூன்று சொம்புத் தண்ணீர் உள்ளே போனதும் சில மணி நேரத்தில் சிறுநீர் வெளுத்து எரிச்சலும் போய்விட்டால் அது உடம்பில் நீர் குறைந்ததன் விளைவு. ஆன்டிபயாடிக் வேண்டாம்.

சிறுநீர் வெளுத்த பிறகும் கடுப்பு நிற்கவில்லை, அரை மணிக்கு ஒருமுறை ஓட வேண்டியிருக்கிறது, கலங்கலாகவோ இளஞ்சிவப்பாகவோ போகிறது என்றால் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவதாலோ தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பதாலோ கெடுதல் ஒன்றுமில்லை. அதை நம்பி நான்கு நாள் கடத்துவதில்தான் கெடுதல்.

பெண்களுக்கு அரிப்பும் வெள்ளைப்படுதலும் முதன்மையாக இருந்து, சிறுநீர் படும்போது வெளிப்பகுதியில் மட்டும் எரிந்தால் அது பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும் பூஞ்சைத் தொற்று. அதற்கு ஆன்டிபயாடிக் போட்டால் பூஞ்சை இன்னும் அதிகமாகும்.

மாத்திரை தொடங்குவதற்கு முன் சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயமா?

வேறு நோய் இல்லாத, கர்ப்பமில்லாத இளம் பெண்ணுக்கு முதல்முறையாக, தெளிவான அறிகுறிகளோடு வந்தால் பரிசோதனை இல்லாமலே மருத்துவர் தொடங்கலாம். கர்ப்பிணி, ஆண், குழந்தை, சர்க்கரை நோயாளி, சிறுநீரகக் கல் உள்ளவர், ஆறு மாதத்துக்குள் இரண்டாம் முறை வந்தவர் என்றால் கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, எடுப்பதுதான் சரி. அதை முதல் மாத்திரை போடும் முன் எடுக்க வேண்டும். ஒரே ஒரு மாத்திரை போட்டிருந்தாலும், ‘வளர்ச்சி இல்லை’ என்று பொய்யான முடிவு வரலாம்.

மாதிரி எடுக்கும் விதத்தில்தான் பாதி ரிப்போர்ட்டுகள் கெடுகின்றன. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெண்கள் உறுப்பை முன்னிருந்து பின்னாகத் தண்ணீரால் கழுவி, இதழ்களை விரித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் முன்தோலைப் பின்னே தள்ளிக் கழுவ வேண்டும். முதலில் வரும் சிறுநீரைக் கழிவறையில் விட்டுவிட்டு, ஓட்டத்தை நிறுத்தாமல் நடுவில் வருவதை மட்டும் ஆய்வகம் தந்த கிருமி நீக்கிய டப்பாவில் பிடியுங்கள். டப்பாவின் உள்பக்கமும் மூடியின் உள்பக்கமும் விரல் படக் கூடாது. வீட்டில் கழுவிக் காயவைத்த ஜாம் பாட்டில் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல, 24 மணி நேரம் வரை வைக்கலாம். நம் ஊர் வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் மூன்று மணி நேரம் கிடந்த மாதிரியில் நூறு கிருமி பல ஆயிரமாகப் பெருகியிருக்கலாம்.

எவ்வளவு, எத்தனை நாள்?

வழக்கமாகத் தருவது மெதுவாகக் கரையும் வகை 100 மி.கி.; காலையில் ஒன்று, இரவில் ஒன்று, 12 மணி நேர இடைவெளி. பெண்களுக்கு வரும் சாதாரண சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு 5 நாள், மொத்தம் 10 மாத்திரை. ஆண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாக 7 நாள்.

அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயருக்குப் பின்னால் ‘எஸ்.ஆர்.’ போன்ற எழுத்து இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. அதை உடைக்கவோ மெல்லவோ கேப்சூலைத் திறந்து தண்ணீரில் கரைக்கவோ கூடாது. சாதா வகை என்றால் 50 மி.கி. வீதம் நாளுக்கு நான்கு வேளை. கடையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தந்துவிட்டு வேளைக் கணக்கை மாற்றிச் சொல்லாமல் விட்டால், மருந்து சிறுநீரில் போதிய நேரம் நிற்காது. குழந்தைகளுக்கு அளவு எடையைப் பொறுத்தது. பெரியவர்களுக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்துத் தருவது தவறு.

சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

சாப்பாட்டோடு. வயிற்றில் உணவு இருந்தால் மருந்து இரைப்பையில் நின்று நிதானமாகக் கரைகிறது. உடம்பில் சேரும் அளவும் கூடுகிறது, குமட்டலும் குறைகிறது. ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும் போதாது. இட்லியோ சோறோ பாலோடு ஏதாவதோ, வயிறு நிரம்பும் அளவுக்குச் சாப்பிட்டு, சாப்பாட்டின் நடுவிலோ முடித்த உடனேயோ போடுங்கள். இந்த மருந்தை ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று இரண்டாம் நாளே நிறுத்துகிறவர்களில் பலர் அதை வெறும் வயிற்றில் போட்டவர்களாகத்தான் இருப்பார்கள்.

இரவு மாத்திரையைச் சாப்பாட்டோடு போட்டுவிட்டு, படுக்கும் முன் சிறுநீரை முழுதாகக் கழித்துவிடுங்கள். அதன் பிறகு சிறுநீர்ப்பையில் சேர்வது மருந்து கலந்த நீர். அது தூங்கும் நேரமெல்லாம் உள்ளே தேங்கி நின்று வேலை செய்யும்.

எரிச்சலுக்குச் சிவப்பாக ஒரு சிரப் தந்திருக்கிறார்கள். அதையும் சேர்த்துக் குடிக்கலாமா?

இதைத்தான் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். நீர்க்கடுப்பு என்றாலே நம் ஊரில் டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட் அல்லது பொட்டாசியம் சிட்ரேட் சிரப்பைத் தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்வது பழக்கம். அது சிறுநீரின் புளிப்பை முறித்துக் காரத்தன்மை ஆக்குகிறது. அதனால் எரிச்சல் கொஞ்சம் தணியலாம். ஆனால் நைட்ரோஃபுரான்டோயின் நன்றாக வேலை செய்வது புளிப்பான சிறுநீரில். சிறுநீர் காரமாக ஆக, மருந்தின் வீரியம் குறைகிறது. மாத்திரை ஒரு பக்கம் இழுக்க, சிரப் மறுபக்கம் இழுக்கிறது. பிரிட்டனில் மருத்துவர்கள் பயன்படுத்தும் மருந்துக் கையேடு இந்த இரண்டையும் சேர்த்துத் தரக் கூடாது என்றே சொல்கிறது.

உங்கள் சீட்டில் இரண்டும் இருந்தால், எழுதிய மருத்துவரிடமே ‘இந்தச் சிரப் மாத்திரையின் வேலையைக் குறைக்காதா?’ என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. தண்ணீரில் ஆப்ப சோடா கலந்து குடிக்கும் வீட்டு வைத்தியத்துக்கும் இதே பதில்தான். ஒரு டம்ளர் எலுமிச்சைச் சாறு, நீர்மோர், பார்லித் தண்ணீர் இவற்றால் பெரிய மாற்றம் வராது, தாராளமாகக் குடிக்கலாம்.

எரிச்சலைத் தணிக்க வேறு வழி வேண்டுமென்றால் பாராசிட்டமால் போதும். ஃபெனாசோபிரிடின் என்ற மாத்திரை சிறுநீர்ப் பாதையை மரத்துப்போகச் செய்யும். அதை இரண்டு நாளுக்கு மேல் போடக் கூடாது, அது தொற்றைக் குணமாக்காது.

அசிடிட்டிக்குக் குடிக்கும் மருந்தில் மெக்னீசியம் ட்ரைசிலிக்கேட் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இந்த மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கீல்வாதத்துக்கான புரோபெனசிட், மருந்து சிறுநீருக்கு வருவதைத் தடுக்கும். நார்ஃப்ளாக்சசின் வகையோடு சேர்த்தால் ஒன்றின் வேலையை மற்றது கெடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன; ஆகவே ‘இரட்டை ஆன்டிபயாடிக் என்றால் சீக்கிரம் குணமாகும்’ என்ற கணக்கு இங்கே செல்லாது.

சிறுநீர் பழுப்பாக, கடுந்தேநீர் மாதிரிப் போகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். அது மருந்தின் நிறம். நிறுத்தியதும் ஓரிரு நாளில் போய்விடும். ஃபெனாசோபிரிடினும் சேர்த்துப் போட்டால் ஆரஞ்சு நிறத்தில் போகும், உள்ளாடையில் கறை பிடிக்கும். கண் மஞ்சளாவது, உடம்பெல்லாம் அரிப்பு, முகம் வெளிறி மூச்சு வாங்குவது ஆகியவற்றோடு சிறுநீர் கறுத்துப்போனால் அது வேறு கதை. அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டது. அல்லது போட்டதும் வாந்தியாகிவிட்டது?

நினைவு வந்ததும் சாப்பாட்டோடு போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது. மாத்திரை போட்ட சற்று நேரத்தில் வாந்தியாகி மாத்திரையே வெளியே வந்துவிட்டால், மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்டுவிட்டு இன்னொன்று போடலாம். ஒவ்வொரு வேளையும் வாந்தி என்றால் மருந்தை மாற்ற வேண்டும். தொடர் வாந்தி என்பது தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியதன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

இரண்டாம் நாளே எரிச்சல் போய்விட்டது. நிறுத்தலாமா?

வேண்டாம். 5 நாள் என்பதே போதுமான அளவுக்குக் குறைத்து வைத்த கணக்கு. அதிலும் குறைத்தால் மிஞ்சிய கிருமி மறுபடி தலைதூக்கும். அதே சமயம், ‘இருக்கட்டும்’ என்று 10 நாள் நீட்டுவதிலும் பலன் இல்லை, பக்கவிளைவு மட்டும் கூடும். மருத்துவர் எழுதிய நாள் கணக்கு இரண்டு பக்கமும் பொருந்தும்.

மூன்றாம் நாளும் குறையவில்லையே?

சரியான மருந்து என்றால் 48 மணி நேரத்தில் நல்ல மாற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

கிருமி இந்த மருந்துக்குக் கட்டுப்படாத இனமாக இருக்கலாம். புரோட்டியஸ், சூடோமோனாஸ், செராஷியா, மார்கனெல்லா ஆகியவற்றை இந்த மருந்து இயல்பிலேயே ஒன்றும் செய்யாது. கிளெப்சியெல்லா சில சமயம் கட்டுப்படும், சில சமயம் படாது. இதில் புரோட்டியஸ் கவனிக்க வேண்டியது. அது யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கிச் சிறுநீரைத் தானே காரமாக்கிவிடும், கல்லும் உருவாக்கும். சிறுநீரில் மூக்கைத் துளைக்கும் நாற்றமும், ரிப்போர்ட்டில் பி.எச். 8 (அதாவது காரத்தன்மை) என்றும் இருந்தால் மருத்துவர் கல்லைத் தேடி ஸ்கேன் எடுக்கச் சொல்வது அதனால்தான்.

அல்லது தொற்றே இல்லாமல் இருக்கலாம். சிறுநீர்க்குழாயில் இறங்கும் கல், பூஞ்சை, பால்வினைத் தொற்று எல்லாமே இதே மாதிரி எரியும். ‘பஸ் செல்’ என்று எழுதும் சீழணுக்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் கல்ச்சரில் ஒன்றுமே வளரவில்லை, இது மாதக் கணக்கில் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால் சிறுநீர்ப் பாதைக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. சாதாரணக் கல்ச்சரில் அந்தக் கிருமி வளராது.

காய்ச்சலும் விலாவில் வலியும் இருக்கிறது. இதே மாத்திரை போதுமா?

போதாது. தயவுசெய்து இதை வைத்துக் காலம் கடத்தாதீர்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா எலும்புக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, வாந்தி என்றால் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று பொருள். அந்தச் சதைக்குள்ளும் ரத்தத்திலும் நைட்ரோஃபுரான்டோயின் போதிய அளவு சேர்வதில்லை. கல்ச்சரில் ‘கட்டுப்படும்’ என்றே வந்திருந்தாலும் இங்கே பயன்படாது. ஏமாற்றம் எங்கே வருகிறதென்றால், சிறுநீர்ப்பை சுத்தமாகி எரிச்சல் குறையும். நோயாளி குணமாகிறது என்று நினைப்பார். மேலே சிறுநீரகத்தில் தொற்று வளர்ந்துகொண்டே இருக்கும். ஊசி மருந்தோ வேறு மாத்திரையோ அன்றே தொடங்க வேண்டும். வயதானவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலேயே திடீர்க் குழப்பம், மயக்கம், ரத்த அழுத்தக் குறைவு என்று காட்டலாம். அப்போது நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

யார் இதைச் சாப்பிடக் கூடாது?

சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள். மருந்தைச் சிறுநீருக்கு அனுப்புவதே சிறுநீரகம்தான். அது பழுதானால் சிறுநீரில் மருந்து சேராது, ரத்தத்தில் தங்கி நரம்பைக் கெடுக்கும். நோயும் குணமாகாது, நஞ்சும் ஏறும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்ட ரத்தப் பரிசோதனையில் வரும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண் 45-க்குக் கீழே இருந்தால் தவிர்க்க வேண்டும் என்பது பிரிட்டனின் நடைமுறை; 30 முதல் 44 வரை உள்ளவர்களுக்கு, கிருமி வேறு மருந்துக்குக் கட்டுப்படாதபோது மட்டும் சில நாள் தரலாம். 30-க்குக் கீழே வேண்டாம்.

கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) எண்ணை மட்டும் பார்த்து ‘நார்மல்தான்’ என்று இருந்துவிடாதீர்கள். 1.2 என்ற அதே கிரியாட்டினின் 25 வயது ஆணுக்கு இருந்தால் இ.ஜி.எஃப்.ஆர். சுமார் 86, 75 வயதுப் பாட்டிக்கு இருந்தால் சுமார் 47 மட்டுமே. வீட்டில் பெரியவர்களுக்கு இந்த மருந்து எழுதப்பட்டால், கடைசியாக எடுத்த ரத்த ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஜி6பி.டி. என்ற நொதி குறைபாடு உள்ளவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தசோகை வரும். மலேரியாவுக்கு பிரைமாகுவின் போட்டபோது சிறுநீர் கறுத்துப்போனதாகவோ, பிறந்தபோது மஞ்சள் காமாலை கடுமையாக இருந்து இந்தக் குறைபாடு என்று சொன்னதாகவோ குடும்பத்தில் யாராவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முன்பு இதே மருந்தால் நுரையீரலோ கல்லீரலோ நரம்போ பாதிக்கப்பட்டவர்கள் மறுபடி தொடவே கூடாது. கைக்குழந்தைகளுக்கு, குறிப்பாகப் பிறந்து ஒரு மாதத்துக்குள், இது ஆகாது.

கர்ப்பமாக இருக்கிறேன். போடலாமா? தாய்ப்பால் கொடுக்கும்போது?

கர்ப்ப காலத்தில் சிறுநீர்த் தொற்றைச் சும்மா விடக் கூடாது. அறிகுறியே இல்லாமல் கல்ச்சரில் கிருமி வந்தாலும் வைத்தியம் உண்டு. இல்லாவிட்டால் சிறுநீரகத்துக்கு ஏறும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். நான்காம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம் வரை நைட்ரோஃபுரான்டோயின் வழக்கமாகத் தரும் மருந்துதான். முதல் மூன்று மாதத்தில், வேறு பொருத்தமான மருந்து இல்லாதபோது தரலாம் என்பது நடைமுறை. 38 வாரத்துக்குப் பிறகு வேண்டாம். பிறக்கும் குழந்தையின் சிவப்பணுக்கள் உடையக்கூடும். அந்தச் சமயத்தில் செஃபலெக்சின் போன்றவை கை கொடுக்கும். மாத்திரை முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி கல்ச்சர் எடுத்துப் பார்ப்பது நல்லது.

பாலில் கலக்கும் அளவு மிகக் குறைவு. குழந்தைக்கு ஒரு மாதம் முடிந்து, ஜி6பி.டி. குறைபாடும் இல்லையென்றால் கொடுக்கலாம்.

ஆண்களுக்கு?

பெண்களின் சிறுநீர் வடிகுழாய் சுமார் 4 செ.மீ.; ஆண்களுக்கு ஏறத்தாழ 20 செ.மீ. அவ்வளவு தூரம் கிருமி ஏறி வந்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் தேட வேண்டும்: புராஸ்டேட் வீக்கம், கல், நீர் முழுதாக வடியாமல் தங்குவது. புராஸ்டேட் சுரப்பிக்குள் இந்த மருந்து புகாது. ஆகவே காய்ச்சல், ஆசனவாய்க்கும் விதைப்பைக்கும் நடுவே வலி, சிறுநீர் அடைபட்டது போன்றவை இருந்தால் இது பொருத்தமான மருந்து அல்ல. கீழே சிறுநீர்ப்பையில் மட்டும் தொற்று என்று உறுதியானால் 7 நாள் தரலாம்.

சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறேன். அதனால்தான் வருகிறதா?

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. அந்த இனிப்பில் செழிப்பது முக்கியமாகப் பிறப்புறுப்பின் பூஞ்சை. அரிப்பா, வெண்மையான படிவா, முன்தோலில் வெடிப்பா என்று பாருங்கள்; அப்படியென்றால் வேண்டியது பூஞ்சைக்கான மருந்து. உண்மையான சிறுநீர்த் தொற்று என்று கல்ச்சரில் உறுதியானால் நைட்ரோஃபுரான்டோயின் போடலாம். ஆனால் நீண்ட நாள் சர்க்கரையால் ஏற்கெனவே பாதம் எரிகிறவர்கள், மரத்துப்போனவர்கள், வைட்டமின் பி12 குறைந்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்த மருந்தின் நரம்புப் பாதிப்பு அவர்களைத்தான் முதலில் பிடிக்கும்.

பக்கவிளைவுகளில் எதற்குப் பயப்பட வேண்டும்?

குமட்டல், தலைவலி, வயிற்றுப் பொருமல் ஆகியவை சாதாரணம். மருந்து தொடங்கிய சில மணி நேரத்திலிருந்து சில வாரத்துக்குள் திடீர்க் காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி வந்தால் அது நுரையீரல் ஒவ்வாமையாக இருக்கலாம். அரிது, ஆனால் இதை நிமோனியா என்றோ கோவிட் என்றோ நினைத்து மருந்தைத் தொடர்வதுதான் ஆபத்து. உடனே நிறுத்திவிட்டு, ‘நைட்ரோஃபுரான்டோயின் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்’ என்று மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கை கால் விரல்களில் ஊசி குத்துவதுபோல் இருந்தாலும், கண் மஞ்சளானாலும் நிறுத்த வேண்டியதுதான்.

ஒரே வேளை கரைத்துக் குடிக்கும் பாக்கெட் மருந்து இருக்கிறதாமே?

அது ஃபாஸ்ஃபோமைசின், 3 கிராம். அரை டம்ளர் சாதாரணத் தண்ணீரில், வெந்நீர் வேண்டாம், கொட்டிக் கலக்கி உடனே குடிக்க வேண்டும். நைட்ரோஃபுரான்டோயினுக்கு நேர்மாறாக இதற்கு வெறும் வயிறு: சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, படுக்கும் முன், சிறுநீர் கழித்துவிட்டு. வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு இதன் அளவைக் குறைத்துவிடும்.

வசதி உண்மைதான். ஆனால் சுவிட்சர்லாந்து, போலந்து, இஸ்ரேல் நாடுகளில் 513 பெண்களிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், 28 நாள் கழித்து அறிகுறிகள் முற்றிலும் நீங்கியிருந்தவர்கள் நைட்ரோஃபுரான்டோயின் 5 நாள் சாப்பிட்டவர்களில் 70 சதவீதம், ஃபாஸ்ஃபோமைசின் ஒரு வேளை குடித்தவர்களில் 58 சதவீதம். அந்த ஆய்வில் நைட்ரோஃபுரான்டோயினை நாளுக்கு மூன்று வேளை தந்தார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மாத்திரையை ஒழுங்காகப் போட முடிகிறவருக்கு நைட்ரோஃபுரான்டோயின், முடியாதவருக்கும் பல மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி வந்தவருக்கும் பாக்கெட் என்று வைத்துக்கொள்வது நியாயமாகப் படுகிறது.

கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிருமி இருக்கிறது, எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மருந்து வேண்டுமா?

கர்ப்பிணிகளுக்கும், சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் வேண்டும். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டாம். முதியவர்களுக்கும், சிறுநீர் வடியக் குழாய் (கதீட்டர்) போட்டிருப்பவர்களுக்கும் கிருமி குடியிருப்பது சகஜம்; ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்த்தால் நாளைக்கு உண்மையாகவே தொற்று வரும்போது எந்த மருந்தும் கேட்காது. ‘கலப்பு வளர்ச்சி’ என்று வந்தால் மாதிரி அசுத்தமாகிவிட்டது என்று பொருள், மறுபடி எடுங்கள். ‘எஸ்’ என்றால் கட்டுப்படும், ‘ஆர்’ என்றால் கட்டுப்படாது; பட்டியலில் ‘எஸ்’ போட்டிருக்கும் விலையுயர்ந்த ஊசிகள் எல்லாம் உங்களுக்குத் தேவை என்று அர்த்தமில்லை.

வருஷத்துக்கு நாலு தடவை வருகிறது. என்ன செய்வது?

ஆறு மாதத்தில் 2 முறை அல்லது ஒரு வருடத்தில் 3 முறை வந்தால் ‘திரும்பத் திரும்ப வரும் தொற்று’ என்று கணக்கு. முதலில் தண்ணீர். குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பழக்கமும் அடிக்கடித் தொற்றும் உள்ள 140 பெண்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து நடந்த ஆய்வொன்று 2018-இல் வெளியானது. வழக்கத்தைவிட நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் சராசரியாக 1.7 முறையும், மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. இதைச் சொல்வது எளிது. வேலை செய்யும் கடையில் கழிப்பறை இல்லாமல், பேருந்து நிலையக் கழிப்பறைக்குள் நுழைய முடியாமல், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்களுக்கு அறிவுரையைவிடக் கழிப்பறைதான் வைத்தியம். முடிந்தவரை மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை போய்விடுங்கள், உறவுக்குப் பிறகும் போய்விடுங்கள். இதயம் பலவீனமானவர்களும் சிறுநீரக நோயாளிகளும் மருத்துவர் சொன்ன தண்ணீர் அளவை மீறக் கூடாது.

மாதவிடாய் நின்றவர்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் நன்றாகப் பலன் தரும். கூச்சத்தால் பலர் கேட்பதே இல்லை. இவை போதாதபோது இரவில் 50 அல்லது 100 மி.கி. நைட்ரோஃபுரான்டோயினை மாதக் கணக்கில் தருவதுண்டு. அப்படிச் சாப்பிடுகிறவர்கள் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளை அவ்வப்போது எடுக்க வேண்டும். ஆறு மாதத்தைத் தாண்டினால் நுரையீரல் மெல்ல மெல்லத் தழும்பேறும் அபாயம் உண்டு. மாடிப்படி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்கினால் ‘வயசாகிவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள்.

போன தடவை மீந்த மாத்திரை வீட்டில் இருக்கிறது. அதையே போடலாமா?

அட்டையில் இருக்கும் செங்குத்தான சிவப்புக் கோடு, மருத்துவர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து என்பதன் அடையாளம். 2016-இல் மத்திய அரசு இதற்காகவே விழிப்புணர்வுப் பிரசாரம் நடத்தியது. ஐந்து நாள் கணக்கு முழுதாக முடிந்திருந்தால் மீதி இருந்திருக்காது என்பது ஒரு பக்கம். நான்கு மாத்திரையை வைத்துத் தொடங்கினால் அளவு போதாது, கல்ச்சர் எடுக்கும் வாய்ப்பும் போய்விடும். மீந்ததை எடுத்துப் போடுவதற்குப் பதில், அந்த அட்டையையும் பழைய ரிப்போர்ட்டையும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போன முறை என்ன கிருமி, எந்த மருந்து, எத்தனை நாள், எப்போது குறைந்தது என்ற இந்த நான்கும் தெரிந்தால் இந்த முறை மருந்தைத் தேர்ந்தெடுப்பது அவருக்குச் சுலபம்.